போன் வராத நான்கு நாட்கள்

ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன்களிடம் ஒரு வைத்தியம் புழக்கத்தில் உண்டு. எந்த டாக்டரும் எழுதித் தராத வைத்தியம். போகக்கூடாத இடத்துக்குப் போய்வந்து மனசு குறுகுறுத்தால், கம்பெனியில் ரத்ததான முகாம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். வந்ததும் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டிவிட வேண்டும். எடுத்த ரத்தத்தை அவர்கள் எப்படியும் சோதித்தாக வேண்டுமல்லவா? கெட்டது இருந்தால் போன் செய்து கூப்பிடுவார்கள். போன் வரவில்லையென்றால் ஆள் சுத்தம். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டாம், எவனும் ஒரு மாதிரி பார்க்க மாட்டான். புண்ணியவான் என்ற பெயரும் ஒரு நாள் லீவும் இனாம்.

இசக்கிபாண்டிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் ரூமில் கூடத் தங்கியிருக்கும் அய்யாத்துரை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாட்ஜுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவன்தான் என்றாலும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா போனான்? இசக்கிபாண்டி சொந்தக் காலில்தான் படியேறினான். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவள் எடுத்து நீட்டிய ஆணுறையை வேண்டாமென்று தள்ளியதும் இவன்தான்.

அதற்கு அடுத்த வாரம் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. நாங்குநேரிப் பக்கம் ஊர். மனைவி இசக்கிசெல்வி ஐந்து மாதக் கர்ப்பிணியாக அம்மா வீட்டில் இருந்தாள். மூன்று நாள் லீவு போட்டுப் போனான். பூவும் அல்வாவும் வாங்கிப் போனான். மூன்று ராத்திரியும் அவளோடுதான் இருந்தான். திரும்பி வந்து ரூம் கதவைத் திறந்தால், அய்யாத்துரை நீர்க்கடுப்பில் சுருண்டு கிடக்கிறான். லாட்ஜில் தொற்றியதுதான் என்று படப்பையில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்களாம். ‘எனக்கும் இருந்தா? செல்விக்கு? வயித்துல இருக்கதுக்கு?’ என்று அன்றைக்குப் பிடித்த பயம் இசக்கிபாண்டியை விடவே இல்லை.

முகாம் வெள்ளிக்கிழமை வந்தது. கேன்டீனில் பத்துக் கட்டில் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஆனால் லைன் லீடர் பரசுராமன் வடக்குப்பட்டுக்காரர், வேலை தெரிந்த மனிதர். தினமும் காலையில் மெஷினைப் பார்க்காமலேயே செக் ஷீட்டில் மேலிருந்து கீழாக டிக் போட்டுத் தள்ளுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நாற்பது படிவத்தையும் மடியில் வைத்துக்கொண்டு அதே வேகத்தில் டிக் போட்டார்.

“கேள்வியெல்லாம் படிச்சிக்கினு இருந்தா லைன் எப்ப ஸ்டார்ட் பண்றது? நான் எல்லாத்துக்கும் ‘இல்ல’ன்னு போட்டுட்டேன். சைன் மட்டும் போடுங்கபா.”

முன்பின் தெரியாதவரோடு உறவு உண்டா என்ற பதினான்காவது கேள்வியை இசக்கிபாண்டி படித்தான். அவனைப் பார்த்தே கேட்ட மாதிரி இருந்தது. பேனாவை வாங்கி, ‘இல்லை’க்குக் கீழே கையெழுத்துப் போட்டான். கெட்டதாக இருந்தால் கொட்டிவிடுவார்கள், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டு படுத்தான். ரத்தம் இறங்கிப் பை நிறைந்தது. பிஸ்கட்டும் ஜூஸும், ரத்தம் கொடுத்ததற்கு ஒரு கார்டும் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நான்கு நாள் அவன் பட்ட பாட்டை என்ன சொல்ல. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? போன் அடித்தால் நம்பரை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எடுத்தான். ஷேர் ஆட்டோவில் போகும்போது தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, காலர் ட்யூன் வைக்கிறீர்களா சார் என்றாள். அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். மற்றபடி போன் வரவில்லை. சுத்தம் என்று அய்யாத்துரை தீர்ப்புச் சொல்லிவிட்டான். ஆனாலும் செல்வி கூப்பிட்டால் இரண்டு வார்த்தையோடு போனை வைத்துவிட்டான். ஒன்றும் இல்லையென்று ஆஸ்பத்திரியில் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தால்தான் அவளிடம் பழையபடி பேச முடியும் என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஷிப்ட். காலையிலேயே, தெரிந்த முகம் இருக்காது என்று வாலாஜாபாத் அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினான்.

அங்கே எச்.ஐ.வி. சோதனை செய்கிற நம்பிக்கை மையத்தில் கலைமதி என்ற ஆலோசகர் இருந்தார். கதவைச் சாத்திவிட்டு, இங்கே பேசுவது வெளியே போகாது என்று முதலிலேயே சொன்னார்.

“ஒரே ஒரு தடவதான் மேடம்.”

“எத்தினி தடவன்னு கேக்கல தம்பி. எப்போன்னு கேட்டேன்.”

“மூணு வாரம் ஆச்சு.”

ரத்தம் எடுத்தார்கள். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, இன்றைக்கு எதுவும் தெரியவில்லை என்றார் கலைமதி. இசக்கிபாண்டியால் உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டான்.

“எனக்கு அப்பவே தெரியும் மேடம்! வெள்ளிக்கிழம கம்பெனி கேம்ப்ல ரத்தம் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் போனே வரல!”

எழுதிக்கொண்டிருந்த கலைமதியின் பேனா நின்றது.

“ரத்தம் குடுத்தியா? இத்த தெரிஞ்சுக்கவா குடுத்த?”

“எங்க ரூம்ல எல்லாரும் அப்படித்தான் செய்தாவ.”

“உக்காரு தம்பி. நான் சொல்றத பொறுமையா கேளு. கிருமி உள்ள பூந்திருந்தாலும் கொஞ்ச வாரத்துக்கு எந்த டெஸ்ட்லயும் மாட்டாது. இங்கயும் மாட்டாது, அங்கயும் மாட்டாது. அதனாலதான் ஒன்றரை மாசம் கழிச்சு மறுபடி வான்னு உனக்குச் சொல்லப்போறேன். உன்னால திரும்பி வர முடியும். அந்தப் பை திரும்பி வருமா? நல்ல ரத்தம்னு நெனச்சு யாருக்காவது ஏத்திடுவாங்க.”

இசக்கிபாண்டி உட்கார்ந்தான். இவ்வளவு நாளும் தனக்கு என்ன ஆகுமோ, செல்விக்கு என்ன ஆகுமோ என்றே பயந்திருந்தான். அந்தப் பையின் மறுமுனையில் ஒரு ஆள் படுத்திருப்பார் என்று ஒரு நிமிஷமாவது நினைத்தானா? இல்லை. தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

கலைமதி திட்டவில்லை. ரத்த வங்கிக்குத் தானே போன் செய்தார். பேசப் பேச அவர் முகம் சுருங்கியது.

“உங்க கம்பெனிலேர்ந்து இசக்கிபாண்டின்ற பேர்ல மூணு பேர் குடுத்திருக்காங்களாம். மூணு ஃபாரத்துலயும் ஒரே போன் நம்பராம்.”

கடைசி நான்கு எண்களைச் சொன்னார். அது லைன் லீடர் பரசுராமனுடைய நம்பர் என்றான் இசக்கிபாண்டி.

“பாத்தியா? போன் வந்திருந்தாலும் உனக்கு வந்திருக்காது. சரி, மூணு பையையும் இப்பத்திக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க. ஆனா அங்க பேஷன்ட்டுங்க காத்துக்கினு இருக்காங்க, நல்ல ரத்தத்த கொட்ட முடியாது. உனக்குக் குடுத்த கார்டுல பை நம்பர் இருக்கும். மதியம் ஒரு மணிக்குள்ள நம்பரச் சொல்லி, என் ரத்தத்த யாருக்கும் ஏத்தாதீங்கன்னு சொன்னா போதும். காரணம்கூட கேக்க மாட்டாங்க.”

அய்யாத்துரைக்கு வந்த மாதிரித் தொற்று இருந்தால் கேட்கும் மாத்திரைக்கு டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தார். இவன் வாசலைத் தாண்டும்போது, “வூட்டுக்காரம்மாவையும் டெஸ்ட் பண்ணணும் தம்பி. மாசமா இருக்காங்க, மறந்துடாத” என்றார்.

கார்டு இவனிடம் இல்லை. லீவு எழுதுவதற்காக எல்லாக் கார்டும் ஹெச்.ஆர். ஆபீசுக்குப் போயிருந்தன. அங்கே இருப்பவர் சங்கரநாராயணன். இவனுக்கு ஊர்க்காரர், செல்விக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தது அவர். பையன் தங்கம் என்று சொல்லிச் செல்வியைக் கட்டிவைத்ததும் அவர். ஊர் உலகத்தில் வேறு யார் மேஜைக்கு வேண்டுமானாலும் போகலாம், அந்த மேஜைக்கு மட்டும் போகக்கூடாது என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டே வந்தான்.

“கார்டா? திங்கக்கிழம விழா வச்சு பெரிய சார் கையால குடுப்பாவல்லா? அதுக்குள்ள என்னல அவசரம்?”

“ஊர்ல காட்டணும் அண்ணாச்சி.”

“அத நான் எப்பவோ காட்டியாச்சு. நீ படுத்து ரத்தம் குடுக்க போட்டோவ உன் மாமனாருக்கு அன்னைக்கே அனுப்பிட்டேன். மனுசன் தெரு பூரா காட்டிட்டாரு. போ, போய் வேலயப் பாரு.”

பொய் சொல்லிப் பார்த்தாயிற்று, பலிக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை. இசக்கிபாண்டி பிரேக் பாகங்களைக் கடைசியாகப் பார்த்து அனுப்புகிற இடத்தில் வேலை செய்பவன். போன மாதம் ஒரே ஒரு பாகத்தில் மயிரிழைக் கீறல் மாதிரி எதுவோ தெரிந்ததற்கு, லாரியில் ஏற்றிய நானூறையும் இறக்கிச் சிவப்பு அட்டை கட்டி நிறுத்தியவன். அன்றைக்கு யாரிடமும் பயப்படாமல் வாய் திறந்தான். இன்றைக்குக் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, அந்த ரத்தம் யாருக்கும் ஏறக் கூடாது.”

“ஏன்?”

“நான் கெட்ட எடத்துக்குப் போய்ட்டு வந்து குடுத்தேன்.”

சங்கரநாராயணன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தும் உட்காரவில்லை.

“உன்னய நம்பி எங்க சித்தப்பாகிட்ட எம்புட்டுப் பேசிருக்கேன் தெரியுமால? எம் மூஞ்சிய நான் எங்க கொண்டு வைக்க?”

பீரோவைத் திறந்தார். கட்டைப் பிரித்து, மூன்று இசக்கிபாண்டிகளில், லீவுக்காக மூலையில் எழுதிவைத்திருந்த கம்பெனி நம்பர் பார்த்து இவனுடைய கார்டை எடுத்தார். கையில் தரவில்லை. மேஜையில் வைத்து ஒரு விரலால் தள்ளிவிட்டார்.

“வேலையில கை வைக்க மாட்டேன். எடுத்துட்டுப் போ. இனிமே என்னய அண்ணாச்சின்னு மட்டும் கூப்பிடாத.”

கம்பெனி மதிலோரம் லாரிகளுக்கு நடுவில் நின்று ரத்த வங்கிக்குப் போன் செய்தான். பை நம்பரை இரண்டு தடவை சொன்னான். லைனில் இருக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு பெண் குரல், “தனியா எடுத்து வெச்சிட்டோம் சார். யாருக்கும் ஏத்தல. சொன்னதுக்கு தேங்க்ஸ்” என்றது. அந்த நன்றியைக் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நன்றியாம்! செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

முகத்தைத் துடைப்பதற்குள் போன் அடித்தது. செல்வி. மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் கூப்பிடுகிற நேரம்.

“சாப்ட்டியளா? இங்க நர்ஸக்கா வந்தாவ. மூணாம் மாசம் எடுத்த ரத்தத்துக்கு இப்பதான் அட்ட தந்தாவ. சுகர் இல்ல, எச்.ஐ.வி. இல்ல, ஒண்ணும் இல்லயாம். இனிமே ரத்தம் எடுக்க வேண்டாம், ஊசிக்குப் பயப்படாதன்னு சொல்லிட்டாவ.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவளுக்கு ஊசி என்றால் பயம். இவனுக்குத் தெரியும். இப்போது சும்மா இருந்தால் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கும். ஒன்றரை மாதம் கழித்துத் தனக்கு எதுவும் இல்லையென்று ஆனால் சொல்லாமலே விட்டுவிடலாம். ஆகாவிட்டால்? முன்பின் தெரியாத ஒருவருக்காக வெட்கத்தை விட்டாயிற்று. தன் பிள்ளையைச் சுமப்பவளுக்கு மட்டும் ‘இல்லை’க்குக் கீழே கையெழுத்துப் போடுவதா?

“செல்வி, நீ மறுபடியும் ரத்தம் குடுத்துப் பாக்கணும்.”

“எதுக்கு? அதான் ஒண்ணும் இல்லன்னுட்டாவள்லா?”

சொன்னான். லாட்ஜ், அந்தப் பெண், தள்ளிவிட்ட உறை, ரத்தப் பை என்று எதையும் மறைக்காமல் சொன்னான்.   அந்தப் பக்கம் அவள் அம்மா மிக்ஸி ஓட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றதும் செல்வி கேட்டாள்.

“கொடைக்கு முன்னாடியா, பின்னாடியா?”

பின்னாடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மூன்று ராத்திரியாவது அவளுக்கு நல்ல ராத்திரியாக மிஞ்சும். ஆனால் நர்ஸிடம் போய் மறுபடி கையை நீட்ட மாட்டாள்.

“முன்னாடி” என்றான் இசக்கிபாண்டி.