கதவைக் கழிக்காத கணக்கு

கேட்டை இழுத்து மூடி, அதன்மேல் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டான் பெயிண்டர். உள்ளே கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வெளியே பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சு மொத்தமும் நின்றது.

"போங்கடா! எழவு வீட்டுல என்ன வேடிக்கை?"

"சார்கிட்ட பேப்பர் குடுக்கணும்ணா," என்றான் சுருட்டைமுடி.

கணக்கு வாத்தியாரான அப்பா இந்த உதவாக்கரைகளுக்காகவே ஒரு வித்தை வைத்திருந்தார். பரீட்சையை அவர் எழுதுவார். சிவப்புப் பேனாவால் திருத்துவது பையன்கள். வாத்தியாரை ஃபெயிலாக்கும் ஆசையிலேயே ஊரில் பாதிப் பேர் வாய்ப்பாடு படித்தார்கள். அதே அப்பா, சொந்த மகன் முதுகில் உடைத்த ஸ்கேல்களை அடுக்கினால் ஒரு கட்டில் செய்யலாம். மகன் கணக்கில் கோட்டை விட்டுவிட்டுப் பதினாறு வயதில் பிரஷ்ஷைப் பிடித்தான்.

பெயிண்டர் கேட்டுக் கம்பி வழியே பேப்பரைப் பிடுங்கினான். ஆஸ்பத்திரிப் படுக்கையில் எழுதிய கோணல் எழுத்து. மேலே சிவப்பில் முப்பத்துநாலு. ஒரே மார்க்கில் ஃபெயில்.

"செத்த மனுஷனை ஃபெயிலாக்கிட்டு வந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"கருணை மார்க் போட்டா தொலைச்சிடுவேன்னு சார்தான் சொன்னாரு."

கடைசிக் கணக்கு: ஓர் அறையின் நான்கு சுவர்களுக்கும் வண்ணம் பூச எத்தனை சதுர அடி? அப்பா நானூற்று நாற்பது என்று எழுதியிருந்தார். அதன்மேல் மலைபோல ஒரு தப்புக்குறி.

"இது ஏன்டா தப்பு?"

"கதவைக் கழிக்கலண்ணா. இருபத்தொரு சதுர அடி. மூணு தடவை போட்டுப் பாத்துட்டோம்."

"கிழிச்சீங்க! எந்தப் பெயிண்டர்டா கதவைக் கழிப்பான்? கதவைச் சுத்தி ஓரம் அடிக்கிறதுக்குள்ள இடுப்பு கழண்டுடும். அதுக்கு இது சரியாப் போச்சுன்னு விட்டுடுவோம்."

"சாரும் கீழ ஏதோ சாக்கு எழுதியிருக்காரு."

விடைக்கடியில் நடுங்கிய ஒரு வரி: 'தொழிலில் கதவைக் கழிப்பதில்லை.'

போன வருஷம் சாப்பிடும்போது அவன் அம்மாவிடம் இதைத்தான் சொன்னான். எதிரே செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அப்பா ஒரு 'உம்' கூடக் கொட்டவில்லை.

கேட்டைத் திறந்து பேப்பரை நீட்டினான்.

"திருத்துடா."

"ரெண்டு மார்க்கு. அப்போ முப்பத்தாறு," என்ற சுருட்டைமுடி சுற்றுமுற்றும் பார்த்தான். "வச்சு எழுத எடமில்லைண்ணா."

பெயிண்டர் திரும்பி முதுகைக் காட்டி, முழங்காலில் கையூன்றிக் குனிந்தான்.

"அழுத்திப் போடு."

ஸ்கேல் விழுந்த அதே இடத்தில் பேனா முனை கொஞ்சம் கீழே இறங்கி, நீளமாக மேலே ஏறியது.