மோகன்குமார் வீட்டுச் சுவரின் இருமல்

எல்லோரும் சௌக்கியந்தானே? சளி, தும்மல் ஏதும் இல்லையே? இருந்தால் ஒரு வாய் சுடுதண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

மேட்டுப்பாளையத்தில் மோகன்குமார் குடியிருக்கும் வீட்டின் படுக்கையறைச் சுவர், ஊட்டி உருளைக்கிழங்கு விலை ஏறிய ஐப்பசியில் இருமத் தொடங்கியது. முதலில் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மண்டியில் எடை போடும் மோகன்குமார், மழைக்காலத்தில் யாருக்குத்தான் இருமல் இல்லை என்று வேலைக்குப் போய்விட்டார். கட்டிலின் தலைமாட்டில் தோசை அளவுக்குக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. இருமல் அதற்குள்ளிருந்துதான் வந்தது. மாடியில் வீட்டுக்காரம்மா தாஜுன்னிசாவின் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் மோகன்குமார் மூன்று தடவை படியேறினார். மூன்று தடவையும் காப்பி குடித்தார், சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, முட்டிவலி எப்படி என்று விசாரித்தார், தூக்குப்போசியில் நெய்ச்சோறு வாங்கிக்கொண்டு இறங்கினார். "இத எப்படிச் சொல்றது? சங்கடப்படுவாங்க கீதா," என்றார் மனைவியிடம்.

பொங்கலுக்கு முந்தின நாள் வாசலில் வேப்பிலைக் காப்புக் கட்டுவதற்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமல்லவா? பூஞ்சணத்தின் மேலேயே ஒரு பூச்சு பெயின்ட் அடித்தார்கள். மாசி பிறந்ததும் அது பெயின்டைத் தள்ளிக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு தோசையோடு வெளியே வந்து இருமியது. அந்த அறையில் மூன்று பேரும் மூச்சுவிட்டது ஒரே காற்றைத்தான். கீதாவுக்கு ஒன்றும் செய்யவில்லை. மோகன்குமாருக்குக் கண் அரித்தது, மூக்கு ஒழுகியது. எட்டு வயது மகள் கனிஷ்காவுக்கு முன்பே லேசான இளைப்பு உண்டு. இப்போது நெஞ்சு விசிலடித்தது. சுவர் ஒரு தடவை இருமினால் அவளும் ஒரு தடவை இருமினாள். காங்கேயத்தில் மாமன் வீட்டுக்குப் போனால் மூன்றே நாளில் மாட்டுக் கன்றோடு ஓடுவாள். திரும்பி வந்த அன்றே மறுபடி விசில். அவள் தின்ற குச்சி ஐஸ் மேல் பழி போட்டார்கள். "ஊட்டுச் சுவத்துல ஈரம், பூஞ்சணம் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, வீட்டுக்காரம்மா பேர் கெட்டுவிடுமே என்று கீதா, "அதெல்லாம் இல்லீங்க" என்றாள்.

அடுத்த காப்புக் கட்டுக்கு இரண்டு பூச்சாகக் கெட்டியாக அடித்தார்கள். சுவரின் வாய் அடைபட்டது. அது இருமவே இல்லை. அதன் பங்கையும் சேர்த்துக் கனிஷ்கா இருமினாள். மத்தியானத்துக்குள் உதடு நீலமாகி, ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மூன்று நாள் மூச்சுக் கொடுத்தார்கள். வீடு திரும்பிய கீதா பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடியேறினாள்.

"வா அம்மணி, காப்பி வெக்கறேன்."

"காப்பி வேண்டாமுங்கக்கா. உங்க பாத்ரூம் ஒழுகுதுங்க. எம்புள்ளைக்கு மூச்சு நிக்கப் பாத்துச்சுங்க."

அந்த மாடியில் காப்பி வேண்டாம் என்று யாரும் சொன்னதே இல்லை. தாஜுன்னிசா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எத்தன நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேலாச்சுங்க."

"ஏங்கண்ணு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கீழ இருமறது ரெண்டு கொரலாக் கேக்குமே! ரெண்டாவது ஆருன்னு கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு நானும் வாய மூடிட்டு இருந்தனே!"

கீழே வந்து சுவரில் காது வைத்துப் பார்த்தார். "பாவம், இதுக்கும் மூச்சு முட்டுது" என்றார். அன்றைக்கே குழாய்க்காரர் முஸ்தபா வந்து துருப்பிடித்த குழாயை மாற்றினார். ஊறிப்போன காரையை முழுக்கக் கொத்தி எடுத்தார்கள். சுவர் காயும்வரை கனிஷ்கா காங்கேயத்தில் இருந்தாள். இன்ஹேலர் இன்னும் பள்ளிப் பையில்தான் இருக்கிறது. எடுக்கும் நாட்கள்தான் குறைந்துவிட்டன.

சுவர் இப்போதும் அடைமழை நாளில் எப்போதாவது ஒரு தடவை இருமும். "பெரியம்மா, கொழாயப் பாருங்க!" என்று கனிஷ்கா கீழேயிருந்து கத்துவாள். மாடியில் செருப்புச் சத்தம் குளியலறைக்குப் போய்த் திரும்பும். அதற்கப்புறம்தான் காப்பி.

உங்கள் வீட்டில் எந்தச் சுவர் இருமுகிறது, மேல்வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று எனக்கு எழுதுங்கள். சங்கடம் மட்டும் படாதீர்கள்.