குடோன் என்று சொன்ன வாய்

தேன்பெட்டிக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். மச்சினன் ஆசை ஆசையாகக் கட்டிய புது வீட்டைப் பார்க்கப் போனவர், வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "குடோன் ஜோரா வந்திருக்கு மாப்ளே" என்று சொல்லித் தொலைத்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நடுவில் ஒரே ஒரு வேலி. அந்தப் பக்கம் மச்சினனின் பூசணித் தோட்டம், இந்தப் பக்கம் இவருடைய தேன்பெட்டிகள்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறெங்காவது போகவும் வழியில்லை. சுற்றுவட்டாரத்துப் புதர், பூ எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டுக் கட்டடமாகக் கட்டித் தள்ளியிருந்தார்கள். தேனீக்கு மிச்சம் அந்தப் பூசணிப் பூதான்.

அன்று காலை வேலிக்கு அப்பால் மருந்தடிக்கும் மெஷின் உறுமியது. பூசணிப் பூ காலையில்தான் விரியும். தேனீ மொத்தமும் அதற்குள்தான் கிடக்கும். போன வருஷம் வேறொரு புண்ணியவான் இப்படிக் காலையில் அடித்துவிட, செத்த தேனீக்களை இவர் துடைப்பத்தால் கூட்டி அள்ளினார். அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

"உன் தம்பிகிட்ட சாயங்காலமா அடிக்கச் சொல்லுடி!"

"நான் என்ன தபால்காரியா? வாய்தான் இருக்குல்ல, நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றாள் மனைவி, வெங்காயம் உரித்தபடி.

விழுந்தடித்து ஓடினார். "மாப்ளே! நிறுத்துடா!"

முதுகில் மெஷினோடு நின்ற மச்சினன் திரும்பவே இல்லை. "எங்கேயோ சத்தம் கேக்குதே," என்றான் ஒரு பூசணிக்காயைப் பார்த்து.

மானமாவது மண்ணாங்கட்டியாவது. வேலிமேல் ஏறி நின்று கத்தினார்.

"உன் வீடு வீடுதான்டா! குடோன் இல்ல! வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்! அந்த மாதிரி ஜன்னலை நான் ஜென்மத்துல பார்த்ததில்ல! தப்புதான், மன்னிச்சிடு! அதுங்களைக் கொன்னுடாதடா!" கடைசியில் குரல் உடைந்தே போனது.

மச்சினன் மெஷினை அணைத்தான். "பச்சைத் தண்ணி மாமா. குழாய் அடைச்சிருக்கான்னு பார்த்தேன். தேனீ செத்தா எனக்குக் காய் எப்படிப் பிடிக்கும்? மருந்து சாயங்காலம்தான்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்னடா?"

"நீங்க பேசிட்டு இருந்தீங்களே." அவன் குழாயைக் கீழே போட்டான். "எவ்வளவு நாளாச்சு மாமா. நிறுத்த மனசு வரல."

தேன்பெட்டிக்காரர் சும்மா இருப்பாரா? எழுத்தில் போட முடியாத ஒரு வார்த்தையால் மச்சினனை வாயாரத் திட்டிவிட்டு, வேலியின் அந்தப் பக்கம் குதித்தார்.