சாவி யார் கையில்

சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நிற்பதற்கா நான் இன்ஜினீயரிங் படித்தேன் என்று அன்று காலையிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பட்டுச்சேலை கட்டி வரச் சொன்னார்கள், கட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் ஆபீஸில் எந்த விழா என்றாலும் இதுதான் வழக்கம். ஆண்கள் மேடையில் இருப்பார்கள். பெண்கள், உதவிப் பொறியாளரானாலும் தட்டச்சரானாலும், வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டு வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் கிறிஸ்தவப் பெண், இந்த ஹெலன் குங்குமம் நீட்டுவாளா என்றுகூட எவரும் யோசித்ததில்லை. பெண்ணாகப் பிறந்திருந்தால் போதும்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் ஓடுகிற ஒரு தெருவுக்குப் புதுக் குடிநீர்க் குழாய் போட்டிருந்தோம். 'போட்டிருந்தோம்' என்பது மரியாதைக்கு. போட்டது நான். பள்ளத்தில் இறங்கி ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தது நான். மட்டமான குழாயைத் திருப்பி அனுப்பி, கான்ட்ராக்டரோடு மல்லுக்கட்டி, 'அந்தப் பொம்பள ரொம்பப் பண்ணுது' என்று பேர் வாங்கியதும் நான்தான். இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் ஊரின் குடிநீர் லைன் முழுவதையும் தனிப் பொறுப்பாக எனக்குத் தருவதாகப் பேச்சு இருந்தது. எங்கள் ஆபீஸில் அந்தப் பொறுப்பு இதுவரை ஒரு பெண்ணுக்கு வந்ததில்லை. எங்களை வரைபடப் பிரிவில் உட்கார வைத்துவிடுவார்கள். கேட்டால், உங்களுக்கு எதற்கம்மா வெயிலில் அலைச்சல் என்பார்கள். அக்கறையாம்!

புதுக் குழாயில் தண்ணீர் விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்ளே முழுக்கக் காற்றுதான் இருக்கும். தொட்டியடி வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து, தண்ணீர் மெல்ல நிரம்ப நிரம்ப, காற்று வெளியேற வழிவிட வேண்டும். அரை நாள் பிடிக்கும். அவசரப்பட்டு முழுக்கத் திறந்தால், பாய்கிற தண்ணீரும் அடைபட்ட காற்றும் மோதி இணைப்பைப் பிய்த்துவிடும். அதனால் முந்தின நாளே நிரப்பிவிடுகிறேன் என்று செயற்பொறியாளர் சங்கரசுப்பிரமணியனிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல நேரத்தில், சிறப்பு விருந்தினர் கையால்தான் முதல் தண்ணீர் வரவேண்டுமாம். அதற்கு முன் ஒரு சொட்டு ஓடினாலும் ஆகாதாம். சரி, விருந்தினர் தெருக்குழாயைச் சும்மா திருகட்டும், தண்ணீர் சாயங்காலம் வரும் என்றேன். சரியென்று தலையை ஆட்டினார்.

தெருமுனைத் தொட்டியில், வால்வுக்குப் பக்கத்தில் நான் நிற்பதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் அவர் வந்து, பந்தல் வாசலில் ஆள் குறைகிறது, நீங்கள் தட்டைப் பிடியுங்கள், வால்வை லிங்கேஷ் பார்த்துக்கொள்வான் என்றார். லிங்கேஷ் எனக்குக் கீழே இருக்கும் இளநிலைப் பொறியாளன். கால் சுற்றுக்கு மேல் திறக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்லி, வால்வைத் திருகும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

விருந்தினர் ரிப்பனை வெட்டிவிட்டுக் குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது. கூட்டத்தில் சிரித்தார்கள். சங்கரசுப்பிரமணியன் முகம் கறுத்துப்போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார். தட்டைப் பெஞ்சில் போட்டுவிட்டு நான் தொட்டியைப் பார்த்து ஓட ஆரம்பிப்பதற்குள் தெரு நடுவில் குழாய் வெடித்தது.

நான் போய், முழுக்கத் திறந்து கிடந்த வால்வை மூடுவதற்குள் தண்ணீர் வள்ளித்தாய் அக்காவின் தறிக்கூடத்துக்குள் புகுந்துவிட்டது. மோட்டார்கள் மூழ்கிவிட்டன. தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் சேறாகிக் கிடந்தது. புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாக அந்தத் தறிகளை ஓட்டுகிறவள் அவள். கூடத்து வாசலில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

அதற்குள் சங்கரசுப்பிரமணியன் மைக்கைப் பிடித்துவிட்டார். லேடி இன்ஜினீயருக்குக் களத்தில் அனுபவம் போதவில்லை, சிறு கவனக்குறைவு நடந்துவிட்டது, இனிமேல் இந்த லைனை லிங்கேஷ் பார்ப்பார் என்று ஊருக்கே அறிவித்தார். வால்வை முழுக்கத் திறந்தவனிடமே பொறுப்பைக் கொடுத்தார்! லிங்கேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதுகெலும்பு இல்லாத பயல்.

நான் வள்ளித்தாயிடம் போனேன். வால்வைத் திறந்தது நான் இல்லை என்றேன்.

"லைனு ஒன்னோடதுதான?" என்றாள். "அப்ப அந்நேரம் நீ எங்கன நின்ன?"

வாசலில், என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. ஈரப் பட்டுச்சேலையோடு வீட்டுக்குப் போனேன். சங்கரசுப்பிரமணியன் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. அவர் தட்டைக் கொடுத்தார், சரி. சாவியைக் கொடுத்தது நான்தானே?

சாயங்காலம் லிங்கேஷ் போனில் கூப்பிட்டான். உடைந்த இணைப்பை மாற்றிவிட்டார்களாம். மறுபடி தண்ணீர் விட்டிருக்கிறார்கள். குழாய் பூமிக்குள் 'டமார் டமார்' என்று அடிக்கிறதாம்.

"மொதல்ல வால்வ மூடு" என்றேன். மூடிவிட்டு வந்தான். சத்தம் நின்றுவிட்டது என்றான். பிறகு போன் கை மாறியது.

"ஹெலன், கோவிச்சுக்கிடாதீங்க" என்றார் சங்கரசுப்பிரமணியன். குரலில் அப்படி ஒரு குழைவு. "எப்படிச் செய்யணும்னு போன்லயே சொல்லிருங்க. லிங்கேஷ் செஞ்சுக்கிடுவான். நீங்க எதுக்கு அலையணும்?"

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. வேலை தெரிந்த மூளை வேண்டும், ஆள் வேண்டாம்.

"போன்ல சொல்ல மாட்டேன் சார். நேர்ல வாரேன். நான் வந்தா லைன் என் பொறுப்பு. அதையும் காலையில முழுசாத் தொறக்கச் சொன்னது யாருங்கதையும், வள்ளித்தாய் அக்காட்ட நீங்க சொல்லணும்."

அதெல்லாம் ஆபீஸில் பேசிக்கொள்ளலாம் என்றார். ஆபீஸில் பேசியதெல்லாம் போதும் என்றேன். அப்படியானால் என் பெயரில் மேலிடத்துக்கு எழுத வேண்டிவரும் என்றார்.

"எழுதுங்க. நானும் எழுதுதேன். இப்ப அந்தத் தெருவுக்குத் தண்ணி வேணுமா, வேண்டாமா?"

பின்னால் பெண்கள் சத்தம் போடுவது கேட்டது. குடத்தோடு நிற்கிறார்கள்போல.

அதற்குள் நான் தெருவில் இறங்கி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தியிருந்தேன். ஏறி உட்கார்ந்தேன். எங்கே போகணும் என்று டிரைவர் கேட்டார். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். போனைக் காதைவிட்டு எடுக்கவில்லை.

கடைசியில், "ஏம்மா வள்ளித்தாய், இங்க வாங்க" என்று சங்கரசுப்பிரமணியன் கூப்பிடுவது கேட்டது. காலையில் முழுக்கத் திறக்கச் சொன்னது தான்தான் என்று முனகினார். காது கேக்கல, நல்லாச் சொல்லுங்க என்றாள் வள்ளித்தாய். மறுபடி சொன்னார். இனிமேல் லைன் ஹெலன் மேடம் பொறுப்பில்தான் என்பதையும் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகுதான் வண்டியை எடுக்கச் சொன்னேன்.