கேட்டறிங்காரர்

நீக்கிலாப்பிள்ளை சவப்பெட்டிக்குள் குனிந்து தம்பியின் டையை மறுபடியும் இறுக்கினார். பழைய மாணவர் சங்கத்தின் சின்னம் பொறித்த டை. தம்பி செபமாலை அந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவர்; சங்கத்தில் ஒருநாளும் சேரவில்லை. இப்போது மறுக்க முடியாத நிலையில் சேர்த்துக்கொள்ளப்பட்டிருந்தார்.

"இனி அதை இறுக்கி என்ன செய்யப் போறியள் அத்தான், விடுங்கோ," என்றாள் தம்பி மனைவி றோசலின்.

"நாலு பேர் வாற இடம் பிள்ளை. ஒரு மதிப்பு வேணும். நான் சங்கத்துத் தலைவரெல்லே."

றோசலின் கணவனின் முகத்தைப் பார்த்தாள். வடக்கே பனிக்காட்டுக்குள், தெருவே போகாத ஒரு சுரங்க முகாமின் குசினியில் வருடக்கணக்காகச் சமைத்தவர். மூன்று கிழமை அங்கே, இரண்டு கிழமை லாசாலில் வீட்டில். போன கிழமை விடியற்காலை, முட்டைக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் அந்தப் பலகையிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். ஆட்கள் மாறும் நாளில் வரும் விமானத்திலேயே வீட்டுக்கு வந்தார், வழக்கம்போல. இந்த முறை மட்டும் சாமான்கள் ஏற்றும் பக்கத்தில்.

மதிப்பு. அந்த மதிப்புக்காக அவர் சொன்ன ஒரு சொல்லைத்தான் நாலு வருடமாகத் துப்ப இடம் தேடிக்கொண்டிருந்தாள் றோசலின்.

அந்தச் சொல் வந்தது நீக்கிலாப்பிள்ளையின் அறுபதாவது பிறந்தநாளில், லவாலில் ஒரு மண்டபத்தில். லீவில் நின்ற செபமாலை பின்குசினியில், வழக்கம்போல வலத் தோள் சற்றே இறங்கக் குனிந்து, ஆட்டுக்கறி காய்ச்சினார். தன் சமையலைத் தான் ருசி பார்க்கிற பழக்கம் அவருக்கில்லை. கரண்டியை மனைவியிடம் நீட்டி, "உப்புக் காணுமே? போதுமே?" என்று கேட்பார். முகாமிலும் யாரையாவது பிடித்துக் கேட்பாராம். அதனால்தான் அன்றைக்கு றோசலினும் குசினிக்குள் நின்றாள். கறியில் மயங்கிய ஒரு டொக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்; பின்னாலேயே நீக்கிலாப்பிள்ளை.

"தலைவர், ஆர் இவர்? நல்ல கைப்பக்குவம்."

நீக்கிலாப்பிள்ளை கண்ணை வெட்டாமல் சொன்னார்: "கேட்டறிங்காரர். சமைக்கக் காசுக்குப் பிடிச்ச ஆள்."

வீட்டுக்கு வரும் வழியில், பாலத்தில் வைத்துச் செபமாலை சிரித்தார். "கறி நல்லாத்தானே இருந்தது? விடு." அவர் விட்டுவிட்டார். அவள் விடவில்லை.

இன்றைக்குத் தேவாலயத்தில் அடக்கப் பூசை முடிந்ததும் நீக்கிலாப்பிள்ளை மைக்கைப் பிடித்தார். தம்பி 'வடபிராந்திய உணவு வழங்கல் தலைமை இயக்குநர்' ஆனார். இடையிடையே சங்கத்துக்கு நீக்கிலாப்பிள்ளை ஆற்றிய சேவைகள் வந்தன. போகப்போக, செத்தது எவர் என்று கடைசி வரிசை வாங்கில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. றோசலின் செபமணிகளை உருட்டவில்லை. கையில் அவற்றைச் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அடக்கம் முடிந்து, பங்கு மண்டபத்தில் சாப்பாடு. பனியால் விமானம் பிந்தி, முகாமிலிருந்து வந்த ஆட்கள் நேரே அங்கேதான் வந்தார்கள். வாசலில் செபமாலையின் படம். அதன் கீழே அந்தப் பதவி பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. முகாம் பொறுப்பாளர் லூக் அதை வாசித்துவிட்டு றோசலினின் மகள் மெலனியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"வேற ஆரின்ரையோ செத்தவீட்டுக்கு வந்திட்டமோ எண்டு கேக்கிறார் அம்மா."

படத்தில் இருப்பது தங்கள் சமையற்காரர்தான் என்று தெளிந்ததும், அவர்கள் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டுச் சொக்ஸோடு உள்ளே வந்தார்கள். சனம் பார்த்தது.

"அது அப்பான்ரை சட்டம்," என்றாள் மெலனி. "சாப்பாட்டறைக்குள்ளை ஒருத்தரும் பூட்ஸோடை வரேலாது. கம்பனியின்ரை பெரிய கந்தோரிலையிருந்து வந்த ஒரு ஆளை, கழட்டுமட்டும் பசியோடை நிக்க வைச்சவராம்."

முதலில் ஒரு கிழவர் கழற்றினார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். தனியே நிற்கப் பிடிக்காமல் நீக்கிலாப்பிள்ளையும் கழற்றினார். குதி உயர்ந்த சப்பாத்து. தலைவர் இரண்டு அங்குலம் குறைந்தார்.

ஆனாலும் தளரவில்லை. சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட ஒரு படம் வேண்டும். சோற்றுக் கிடாரத்துக்குப் பின்னால் போய் ஏப்ரனைக் கட்டிக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு மகன் நிஷானைக் கூப்பிட்டார். "நான் பரிமாறுற மாதிரி ஒண்டு எடு. முகம் துக்கமாத் தெரியவேணும்."

அப்போதுதான், பூசைக்கு நேரம் கிடைக்காத அந்த டொக்டர் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் படத்தைப் பார்த்து நின்றுவிட்டு வந்தார்.

"தலைவர், அவர் லவாலிலை உங்கட கேட்டறிங்காரர் எல்லே? நீங்களே நிண்டு செய்யிறியள். பெரிய மனசு."

நீக்கிலாப்பிள்ளையின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "இல்லை டொக்டர்... அண்டைக்கு வந்து..."

றோசலின் எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையும் இல்லை. சனம் அதற்குள் இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"அவர் என்ரை மனுசன், டொக்டர். இவரின்ரை கூடப்பிறந்த தம்பி. கேட்டறிங்காரர் இவர்தான். பிளேட்டை நீட்டுங்கோ, போடுவார்."

மெலனி, கேட்டதையெல்லாம் மொழிபெயர்க்கிற கையோடு, அதையும் மொழிபெயர்த்தாள். எல்லாவற்றையுமல்ல, கடைசி இரண்டு வசனங்களை மட்டும். லூக் மரியாதையாகத் தலையைக் குனிந்து, "மெர்சி, மெஸ்யூ," என்று பிளேட்டை நீட்டினார். அவருக்குப் பின்னால் முகாம் முழுவதும் வரிசையில் நின்றது. அவர்களுக்குப் பின்னால் சங்கமும்.

நீக்கிலாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் சோற்றை அள்ளிப் போட்டார். நிஷான் படம் எடுத்தான். முகம் துக்கமாகத்தான் தெரிந்தது.

றோசலின் தன் பிளேட்டோடு போய்ச் சுவரோரக் கதிரையில் இருந்தாள். அங்கிருந்து பரிமாறுகிறவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கிடாரத்தின் அடியிலிருந்து சோற்றை வழித்தெடுக்க அவர் குனிந்தார். சப்பாத்தில்லாத உயரம். கழுத்துக்குப் பின்னால் ஏப்ரன் முடிச்சு. வலத் தோள் சற்றே இறங்கி.

அவள் வாய்க்குள் வைத்த சோறு அப்படியே நின்றது. லூக் ஏதோ சொல்ல, அந்த முதுகு நிமிர்ந்து திரும்பப் பார்த்தது. அதற்கு முன் அவள் தலையைக் குனிந்து கொண்டாள்.

பருப்பில் உப்புக் காணாது. கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, அப்படியே சாப்பிட்டாள்.