வாரத்துக்கு ரெண்டு பக்கம்

முழங்கால் மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பிய நாளன்று, நர்ஸ் நோயாளியிடம் நீட்டிய கையேட்டை நடுவில் புகுந்து வாங்கிக்கொண்டவர் நோயாளியின் கணவர். பதிவறை சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அது தன்னுடையது என்று நினைக்கும் ஜாதி.

பன்னிரண்டு பக்கக் கையேடு. குணமாக ஆறு வாரம். வகுத்துப் பார்த்தார், வாரத்துக்கு ரெண்டு பக்கம் வந்தது. அட, எவ்வளவு பொருத்தம்! அலுவலகத்தில் கோப்பை எப்படி வரிசை தப்பாமல் நகர்த்தினாரோ அப்படியே மனைவியின் காலையும் நகர்த்தத் தீர்மானித்துவிட்டார். முதல் வாரம் முழுக்கக் காலையிலும் மாலையிலும் கட்டிலருகே நின்று, "நோயாளி மனம் தளரக் கூடாது" என்று சத்தமாக வாசித்தார். வாசித்த இடத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். அதற்கப்புறம் சாப்பிட உட்கார்ந்தார். சமைத்தது யார் என்கிறீர்கள்? வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அடுப்படியில் ஒற்றைக் காலில் நின்று அவள்தான்.

பதினோராம் நாள் அவளுக்குக் கெண்டைக்கால் கடுத்தது. தொட்டால் சுட்டது.

"ஏங்க, இந்தக் காலைக் கொஞ்சம் பாருங்களேன். ஒரு மாதிரி வீங்கியிருக்கு."

அவர் காலைப் பார்க்கவில்லை, கையேட்டைப் பார்த்தார். "நாலாம் பக்கம். முழங்காலில் சிறிது வீக்கம் இருக்கும், கவலை வேண்டாம். சரியாத்தான் போயிட்டிருக்கு."

"முழங்கால் இல்லங்க, அதுக்குக் கீழே. அதை இப்படிக் குடுங்க, நானே பார்க்கிறேன்."

"ஈரக் கையோடயா? கறை படும்."

இந்த மனுஷனோடு முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியிருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அவர் மேசையை அவள் இதுவரை தொட்டதில்லை. தொட்டால் வீடு ரெண்டுபடும். ரெண்டுபட்டால் படட்டும். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு வாக்கரைத் தள்ளிப் போய், மேசைமேல் கையேட்டை அவர் போட்டு வைத்திருந்த கோப்பைப் பிரித்தாள்.

அஞ்சாம் பக்கத்தில், முதல் மூன்று வாரம் நோயாளி அடுப்படியில் நிற்கவே கூடாது, வீட்டிலுள்ளவர்கள்தான் சமைக்க வேண்டும் என்று இருந்தது. அஞ்சாம் பக்கம் மூன்றாம் வாரக் கணக்கு அல்லவா, அதனால் அய்யா கண்ணில் இன்னும் படவில்லை. கடைசிப் பக்கத்தில் சிவப்புக் கட்டம்: கெண்டைக்கால் வீங்கி, சூடாக இருந்து, தொட்டால் வலித்தால் அன்றே மருத்துவமனைக்கு வரவும். கீழே ஒரு தொலைபேசி எண்.

அவளுக்குப் பயம் பாதி, கோபம் மீதி. அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். "உடனே கிளம்பி வாங்கம்மா, நடக்காதீங்க" என்றது மறுமுனை. வாடகைக் காருக்கும் சொல்லிவிட்டாள்.

இடுப்புத் துண்டோடு வெளியே வந்தவர் திறந்து கிடந்த கோப்பைப் பார்த்து அலறினார். "பன்னிரண்டாம் பக்கத்தை யாரு பிரிக்கச் சொன்னா? அது ஆறாவது வாரத்துக்கு!"

அவள் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, காருக்காக வாசலைப் பார்த்தாள். பதில் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருந்தது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா நுரையீரலுக்குப் போயிருக்கலாம், உயிருக்கே ஆபத்து" என்றாள் நர்ஸ். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "கையேடு குடுத்தோமே, சார் படிக்கலையா?"

"படிக்காம என்ன? நாலாம் பக்கம் வரைக்கும் முடிச்சாச்சு" என்று நெஞ்சை நிமிர்த்தினார். கசங்காத கையேட்டை நீட்டி, கையெழுத்துகளையும் காட்டினார். நர்ஸ் அதை வாங்கக்கூட இல்லை.

ஊசி போட்டு, மூன்றாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். நர்ஸ் படிவத்தோடு வந்து கட்டில் ஓரம் நின்றாள். பக்கத்து நாற்காலியில் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"வீட்டுல உங்களைப் பார்த்துக்க ஆள் இருக்காங்களாம்மா? இல்லேன்னா இன்னும் ரெண்டு வாரம் இங்கேயே மறுவாழ்வு வார்டுல வச்சுக்கலாம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"யாரும் இல்லம்மா."