கல்லீரல் சுருங்க வேண்டும்

பதினோராவது நாள் காலை, நூற்றெண்பது பேருக்கான கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியை உதடு வரை கொண்டுபோய் நிறுத்தினேன். பாத்திரம் தேய்க்கும் அக்காவைக் கூப்பிட்டு, "நீங்க பாருங்க" என்றேன்.

"கொஞ்சம் கம்மியா இருக்கு மாஸ்டர்."

"கொஞ்சம்னா? நாக்கு நுனியிலயே தெரியுதா, முழுங்கின பெறகு தெரியுதா?"

"முழுங்கின பெறகு."

அரைப் பிடி உப்பு போட்டேன். அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் பதினைந்து வருடமாக நான்தான் தலைமைச் சமையல். அடுத்தவர் நாக்கால் சமைக்க இந்தப் பதினோரு நாளில்தான் கற்றுக்கொண்டேன்.

வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் இரண்டு வாரம் வெறும் நீராகாரம்: வேளைக்கு ஒரு டம்ளர் புரதப் பொடி, வடிகட்டிய சூப், தண்ணீர். வயிற்றின் மேல் மூடி போலக் கல்லீரல் உட்கார்ந்திருக்கிறதாம். என்னுடையது கொழுப்பேறி வீங்கிக் கிடக்கிறதாம். "அது சுருங்கலன்னா கருவியே உள்ள போகாதும்மா. திருப்பி அனுப்பிடுவோம்" என்றார் டாக்டர். நாலாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. ஆறாம் நாள் கை நடுங்கி ஒரு தட்டை உடைத்தேன். கேன்டீன் மேலாளர் வந்து, "வாயைக் கட்டினா போதாதா மாஸ்டர்? கத்தி எதுக்கு?" என்று சிரித்தார். இருபது வருடம் கட்டிய வாய் இது. நடந்தேன், ஓடினேன், ஒரு முழு வருடம் ராத்திரிச் சாப்பாட்டையே மறந்தேன். போன எடையெல்லாம் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. நூற்றிருபத்தெட்டு கிலோவைச் சுமந்து எட்டு மணி நேரம் அடுப்படியில் நிற்பது என் முட்டி. அவருடையது அல்ல. அதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

அந்தப் பதினோராம் நாள் சாயங்காலம் என் கூடப்பிறந்த அக்கா மூன்றடுக்குக் கேரியரோடு வந்தாள். எனக்குப் பத்து வயதானதிலிருந்து, இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளப் போனால் தட்டைப் பிடுங்கியவள் அவள். என் கல்யாணத்தன்றுகூட, "போதும், எழுந்திரு" என்று காதில் சொன்னாள். இப்போது என் சமையலறையில் நின்று ஒவ்வொரு அடுக்காகத் திறந்தாள். மீன் வறுவல், நெய் மினுமினுக்கும் சோறு, பாலில் செய்த இனிப்பு. வாய் முழுக்க எச்சில் ஊறியது. விழுங்கினேன்.

"ஒரே ஒரு வாய்டி. அப்புறம் ஆயுசுக்கும் இப்படிச் சாப்பிட முடியாதாமே."

தட்டில் போட்டுப் பிசைந்து, ஒரு உருண்டையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவள் எனக்கு ஊட்டியதாக ஞாபகமே இல்லை.

"முப்பது வருஷமா என் தட்டைப் பிடுங்கினவ நீ. இன்னிக்கு ஊட்ட வர்றே. என்னக்கா விஷயம்?"

அவள் கண் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போனது. அங்கே ஆஸ்பத்திரி கொடுத்த தாளை ஒட்டிவைத்திருந்தேன். உணவு விதியை மீறினால் அறுவை சிகிச்சை ரத்து என்ற வரியின் கீழே சிவப்பு மையால் நானே கோடு போட்டிருந்தேன்.

"சாப்பிட்டா பண்ண மாட்டாங்கதானே?" என்றாள். உருண்டை அவள் கையிலேயே உதிர்ந்தது. "அம்மாவுக்கும் சின்ன ஆபரேஷன்னுதான் சொன்னாங்க. வெளிய உக்காந்து காத்துக்கிட்டிருந்தது நான். நீ அப்போ ஸ்கூல்ல இருந்தே."

அதற்கு மேல் எனக்குத் திட்ட மனம் வரவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் ஊட்டியிருப்பாள்; நானும் தின்றிருப்பேன்.

அவள் கையை மெல்லத் தட்டுக்கு இறக்கிவிட்டு, "பயமா இருந்தா பயப்படுக்கா. எனக்கும் இருக்கு. அதுக்காக உன் பயத்தை நான் திங்க முடியாது" என்றேன்.

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். "நீ சாப்பிடு. தெனமும் நூத்தியெண்பது பேர் சாப்பிடறதைப் பாக்கறவ நான். எனக்கு ஒண்ணும் ஆகாது."

அழுதுகொண்டே சாப்பிட்டாள். எதிரே உட்கார்ந்து, சுண்ணாம்புத் தண்ணீர் போலிருந்த என் டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

குறித்த நாளில் எடை நூற்றிருபத்தொன்று. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "நல்லா சுருங்கியிருக்கு" என்றார். பரீட்சையில்கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. நர்ஸ் ஒரு பச்சை அங்கியை நீட்டினாள். போட்டால் முதுகு முழுக்கத் திறந்து கிடந்தது.

"இதுதான் பெரிய சைஸ். யாரும் பாக்க மாட்டாங்கம்மா."

"பாக்கறாங்களோ இல்லையோ, நான் இப்படி வர மாட்டேன். இன்னொண்ணு குடும்மா."

அவள் தயங்கினாள். நான் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வந்தது. அதை முன்பக்கம் திறக்கும்படி கோட்டு மாதிரி மேலே போட்டுக்கொண்டேன். என்னைக் கூட்டிப்போக வந்த தள்ளுநாற்காலியின் கைப்பிடிகளுக்கு நடுவே நான் அடங்க மாட்டேன் என்று பார்த்ததுமே தெரிந்தது. எழுந்து நடந்தேன்.

முன்பக்க நாடா அவிழ்ந்து தொங்குவதைக் கண்டு அக்கா ஓடி வந்தாள். "நில்லுடி, கட்டிவிடறேன்" என்றாள். நான் நிற்கவில்லை. நின்றால் அவளும் நின்றுவிடுவாள்; அப்புறம் என்னை விட மாட்டாள். அதனால் அவள் என் எதிரே பின்பக்கமாகவே நடந்துகொண்டு, குனிந்து, நாடாவை முடிந்துகொண்டு வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஆபரேஷன் தியேட்டரின் பெரிய கதவு இரண்டாகப் பிரிந்து திறந்தது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று அடித்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் இரண்டாவது முடிச்சைப் போடத் தொடங்கினாள்.